ஆளுக்கு நாலு ஜி.பி.

செப்டம்பர் 7, ஞாயிறு

முத்திரைத்தாள் விற்பவர் ஜனவரியில் இலவசமாகக் கொடுத்த டைரி இது. எட்டு மாதம் அலமாரியில் சும்மா கிடந்தது. இன்று எடுத்ததற்குக் காரணம், என் கம்ப்யூட்டருக்கு நாள் குறித்துவிட்டார்கள்.

மதியம் மூன்று மணிக்கு வழக்கம்போல விளையாட உட்கார்ந்தேன். திரையில் ஒரு அறிவிப்பு. அக்டோபர் இரண்டாம் தேதி விளையாட்டின் புதுப் பதிப்பு வருகிறதாம். அதற்கு எட்டு ஜி.பி. ரேம் வேண்டும், புது கிராபிக்ஸ் கார்டு வேண்டும். இல்லாதவர்களுக்கு 'இதுவரை உடன் இருந்ததற்கு நன்றி.' என் மாமனார்கூட இதைவிடப் பக்குவமாக என்னை வெளியே போகச் சொல்லியிருக்கிறார்.

என்னிடம் இருப்பது 2012-இல் வாங்கிய பெட்டி. சுவிட்சைப் போட்டுவிட்டுக் குளித்து, தலை துவட்டி, திருநீறு பூசிக்கொண்டு வந்தால் திரையில் ஏதாவது தெரியும். ரேம் நாலு ஜி.பி. கிராபிக்ஸ் கார்டை இயக்கினால் மின்விசிறி போடுகிற சத்தத்தில் என் மனைவி சுகந்தி கிரைண்டரை நிறுத்தப் போவாள்.

விளையாட்டு ரொம்ப எளிது. ஒரு கோட்டை. வெளியிலிருந்து கொள்ளைக்காரர்கள் வருவார்கள். இரண்டு பேர் சேர்ந்து காக்க வேண்டும். ஒருவர் சுட வேண்டும், இன்னொருவர் இடிந்த சுவரைக் கட்ட வேண்டும். நான் கொத்தனார். என் விளையாட்டுப் பெயர் 'வில்லங்கம்'. பத்திரம் எழுதுகிறவனுக்கு வேறு என்ன பெயர் தோன்றும்? என் கூட்டாளியின் பெயர் 'மொட்டைமாடி'. மூன்று வருடமாக ஒரு ஞாயிறும் தவறியதில்லை.

மொட்டைமாடி யார் என்று எனக்குத் தெரியும். என் உடன்பிறந்த அண்ணன் ரெங்கராஜ். இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து விளையாடுகிறான். ஏழு வருடமாக எங்களுக்குள் பேச்சு இல்லை.

ஆள் சேர்த்துவிட்டது கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் ஃபெலிக்ஸ். 'தமிழ் தெரிஞ்ச ஒருத்தர் இருக்காருண்ணே, நல்லா சுடுவாரு' என்றான். ஒரு மாதம் கழித்து ஒரு நாள் அந்த நல்லா சுடுகிறவர், 'இரு ப்ரோ, தண்ணி வந்துருச்சு' என்று தட்டச்சு செய்துவிட்டுக் காணாமல் போனார். அதே நொடியில் எங்கள் தெருக்குழாய் களக் களக் என்றது. சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் ஓடியது. பத்திர எழுத்தருக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

வில்லங்கம் யார் என்று அவனுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. மைக் கெட்டுவிட்டது என்று மூன்று வருடமாகச் சொல்லி வருகிறேன். அவனும் அதையே சொல்கிறான். ஊரில் மைக்குகளுக்கு என்னமோ சாபம்.

செப்டம்பர் 8, திங்கள்

சுகந்தியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"வாஷிங் மெஷின் மூணு மாசமா நின்னு கெடக்கு. நான் கையில தொவைக்கிறேன். ஒங்களுக்குக் கோட்டை முக்கியம்."

"சின்ன செலவுதான். ஆறாயிரத்துக்குள்ள முடிச்சிருவேன்."

"வாரத்துல ரெண்டு மணி நேரம். அதுக்கு ஆறாயிரம். சுவத்துல மூணு தட்டு தட்டுனா அவரு காதுல விழுந்துரும், செலவே இல்ல."

யார் காதில் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. இரண்டு வீட்டுப் பெண்களும் குழம்பு மாற்றிக்கொள்வதும் கோயிலுக்குப் போவதுமாக இருக்கிறார்கள். கொள்கைக்காரர்கள் நாங்கள் இருவர்தான்.

ஆறாயிரம் என்று முடிவாகியது. வாஷிங் மெஷினுக்குத் தீபாவளி வரை வாய்தா வாங்கியிருக்கிறேன்.

செப்டம்பர் 10, புதன்

ஆபீசில் இன்று ஒரு பாகப்பிரிவினை. மூன்று அண்ணன் தம்பிகள். வீடு, கிணறு, தோட்டம் எல்லாம் அரை மணியில் முடிந்தது. ஒரு வேப்பமரத்துக்குச் சாயங்காலம் வரை சண்டை. மரத்தின் நிழல் யார் பக்கம் விழுகிறதோ அவருக்கே என்று எழுதச் சொன்னார் நடுவர். காலையில் ஒருவருக்கும் மாலையில் ஒருவருக்கும் விழுமே என்றேன். முறைத்தார்கள். இப்படியும் மனிதர்களா என்று சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

செப்டம்பர் 12, வெள்ளி

ஃபெலிக்ஸ் வந்து பெட்டியைத் திறந்தான். தூசியை ஊதினான். அறை முழுக்க 2012.

"என்னண்ணே, ரேம் ஒண்ணுதான் இருக்கு. இது ஜோடியால்ல வந்திருக்கும். இன்னொண்ணு எங்க?"

"பாகத்துல போயிருச்சு."

அவன் நம்பவில்லை. பீரோவிலிருந்து பாகம் பிரித்த கூர்ச்சீட்டை எடுத்துக் காட்டினேன். வீட்டைப் பத்திரமாகப் பதிவு செய்தோம். பண்ட பாத்திரத்துக்கு மட்டும் தனியாக ஒரு சீட்டு. நானே எழுதியது, என் கையெழுத்து, அழகாகவே இருக்கிறது.

'நம்மில் ஒன்றாம் நபர் ரெங்கராஜ், இரண்டாம் நபர் கேசவராஜ். கம்ப்யூட்டர் ஒன்று. அதில் திரையும் மவுஸும் ஒன்றாம் நபருக்கு. பெட்டியும் கீபோர்டும் இரண்டாம் நபருக்கு. பெட்டிக்குள் உள்ள ரேம் இரண்டில் ஆளுக்கு நாலு ஜி.பி. இவற்றை அவரவர் ஏகபோகமாக ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. ஒருவர் பாகத்தில் மற்றவருக்கு எவ்விதப் பாத்தியமும் இல்லை.'

ஃபெலிக்ஸ் இரண்டு தரம் படித்தான். "ரேமைப் பிரிச்ச குடும்பத்தை இப்பத்தாண்ணே பாக்குறேன்" என்றான். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

பாகம் பிரிந்த அன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன், பேனாவில் மை இருக்கிறது. அப்பா போன பிறகு முன் அறையை வாடகைக்கு விட வேண்டும் என்றான் அண்ணன். கூடாது என்றேன் நான். பேச்சு வளர்ந்தது. 'நீதான் ஊர் வீட்டையெல்லாம் பிரிச்சு எழுதித் தின்கிறவனாச்சே, நம்ம வீட்டையும் எழுதிக்க' என்றான். கோபத்தில் சொன்னான். நான் கோபத்தில் எழுதினேன். சொன்னது காற்றோடு போயிருக்கும். எழுதியது போகவில்லை, நான் அவ்வளவு ஒழுங்காக எழுதுவேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

விளையாடினோம். பத்தாம் சுற்று வரை கோட்டை நின்றது. நடுவில் மொட்டைமாடி கேட்டான்.

"புது அப்டேட்டுக்கு உன் சிஸ்டம் ஓடுமா ப்ரோ?"

"சூப்பரா ஓடும் ப்ரோ. உன்னுது?"

"எனக்கென்ன ப்ரோ, ராக்கெட் மாதிரி ஓடும்."

அவன் பெட்டியும் ஃபெலிக்ஸ் கொடுத்த பழைய பெட்டிதான். என் பெட்டியின் வயதுதான் இருக்கும். அவன் பாகத்துக்குக் கிடைத்த நாலு ஜி.பி.யைத்தான் அதில் போட்டு ஓட்டுகிறான் என்று சுகந்தி மூலமாகக் கேள்வி. ராக்கெட்டாம்.

ஏழு வருடமாக அண்ணே என்று கூப்பிடாதவன், ஞாயிறு மதியத்தில் மட்டும் நூறு தடவை ப்ரோ என்று அடிக்கிறேன். அக்டோபர் இரண்டுக்குப் பிறகு அதுவும் இல்லை. எனக்கு என்ன வந்தது? வேறு விளையாட்டா இல்லை ஊரில்?

செப்டம்பர் 17, புதன்

கிராபிக்ஸ் கார்டு வாங்கியாகிவிட்டது. பழசு. விற்றவர் 'ஒரு டாக்டர் வீட்டில் ஓடியது' என்றார், கார் விற்கிற மாதிரி. பெட்டிக்குள் நுழையவில்லை, இரண்டு விரற்கடை நீளம் அதிகம். ஃபெலிக்ஸ் தகரம் வெட்டும் கத்திரியை எடுத்தபோது நான் வெளியே போய்விட்டேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

கார்டு உட்கார்ந்துவிட்டது. ரேம் மாட்டவில்லை. இல்லை, மாட்டுகிறது, பெட்டி ஏற்க மாட்டேன் என்கிறது. ஃபெலிக்ஸ் மூன்று ரேம் கொண்டுவந்தான். ஒவ்வொன்றையும் என்னுடையதற்குப் பக்கத்தில் செருகியதும் பெட்டி பீப் பீப் பீப் என்று கத்துகிறது. தனியாகப் போட்டால் எல்லாமே ஓடுகிறது. சேர்த்து வைத்தால்தான் ஆகவில்லை.

"பழைய போர்டுண்ணே, ரொம்ப ரோஷம். கூடப் பொறந்த ஜோடியா இருந்தாத்தான் ஒத்துப்போகும். நீங்க வேணா..." என்று சுவரைப் பார்த்தான்.

"முடியாது."

"நான் ஒண்ணுமே சொல்லலையேண்ணே."

"சொல்லாததுக்கும் அதான் பதில்."

ஆறாயிரத்தில் எண்ணூறு ரூபாய் மிச்சம். தேதிக்குப் பதின்மூன்று நாள் மிச்சம். ரோஷம் மட்டும் குறையாமல் அப்படியே இருக்கிறது, போர்டுக்குச் சொல்கிறேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

நாலாம் சுற்று நடந்துகொண்டிருந்தது. மொட்டைமாடி, 'ரெண்டு நிமிஷம் ப்ரோ, பவர் சப்ளையில ஒரு சின்ன வேலை' என்றான். ஒன்றாம் நபர் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். பம்புசெட்டு மோட்டாரும் கம்ப்யூட்டரும் அவருக்கு ஒன்றுதான். இரண்டிலும் ஒயர் இருக்கிறதே.

சுவருக்கு அந்தப் பக்கம் 'டப்' என்று ஒரு சத்தம். மதினி கத்தியது கேட்டது. திரையில் 'உங்கள் கூட்டாளி மொட்டைமாடி இணைப்பில் இல்லை.'

எழுந்து வாசல் வரை போனேன். சுகந்தி என்னைத் தாண்டி ஓடினாள். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தாள்.

"ஒண்ணும் ஆகல. விரல்ல லேசா சுட்டிருக்கு. கம்ப்யூட்டர்தான் போச்சு. நீங்க ஏன் வாசல்ல நிக்கிறீங்க?"

"காத்துக்கு."

"வேர்த்து ஊத்துது. காத்தாம்."

செப்டம்பர் 24, புதன்

ஃபெலிக்ஸ் ஒரு ரேமோடு வந்தான். சட்டைப் பையிலிருந்து காகிதத்தில் பொதிந்து எடுத்தான். செருகினான். பெட்டி கத்தவில்லை. எட்டு ஜி.பி. என்று காட்டியது.

எனக்குச் சந்தேகம் வந்து வெளியே எடுக்கச் சொன்னேன். ஸ்டிக்கரின் ஓரத்தில் ஒரு பொட்டு. சந்தனம் காய்ந்து பழுப்பாகி, நடுவில் குங்குமம் கறுத்துப்போய் இருந்தது. என்னுடைய ரேமிலும் அதே இடத்தில் அதே பொட்டு.

2013 ஆயுத பூஜைக்கு நான் பெட்டியின் மேலே பொட்டு வைத்தேன். அண்ணன் திருப்புளியை எடுத்து மூடியைக் கழற்றிவிட்டான். 'வெளிய வச்சா எப்படிரா? உள்ள இருக்கிறதுதான வேலை செய்யுது, அதுக்கு வை' என்று ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்தான். ஈரச் சந்தனம் உள்ளே போய் இரண்டு நாள் கம்ப்யூட்டர் எழவே இல்லை. அப்போது எங்களிடம் இருந்தது ஒரே மவுஸ், ஒரே கீபோர்டு. விளையாட்டில் ஒரே ஆளை இரண்டு பேரும் ஓட்டுவோம். நடக்க வைப்பது நான், சுடுவது அவன். நான் குழிக்குள் இறக்கிவிட்டால் மண்டையில் தட்டுவான்.

"யாருகிட்ட வாங்குன?" என்று கேட்டேன்.

"பழைய சரக்குண்ணே" என்றான் ஃபெலிக்ஸ், என் முகத்தைப் பார்க்காமல்.

ஆக, அண்ணன் விற்றுவிட்டான். பெட்டி போனதும் உள்ளே இருந்ததைக் கழற்றிக் கடையில் போட்டுவிட்டான். அது அவன் பாகம், எனக்கு எவ்விதப் பாத்தியமும் இல்லை, நானே எழுதியிருக்கிறேன். இருந்தாலும் கோபம் வந்தது. அந்தப் பொட்டையாவது ஒரு தடவை பார்த்திருக்கலாம்.

செப்டம்பர் 28, ஞாயிறு

என் கம்ப்யூட்டர் இப்போது பறக்கிறது. சுவிட்சைப் போட்டால் துண்டை எடுப்பதற்குள் திரை வந்துவிடுகிறது. கோட்டையில் ஒவ்வொரு செங்கல்லும் தெரிகிறது. மூன்று மணிக்கு உட்கார்ந்தேன்.

மொட்டைமாடி வரவில்லை.

வர முடியாது என்று தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்தேன். தனியாகச் சுவரைக் கட்டிக்கொண்டே இருந்தேன். சுடுவதற்கு ஆள் இல்லாததால் இரண்டாம் சுற்றிலேயே கொள்ளைக்காரர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். திரும்ப ஆரம்பித்தேன். திரும்ப வந்தார்கள். ஐந்து மணி வரை இதே பிழைப்பு.

நான் எதற்காக இவ்வளவு செலவு செய்தேன் என்று இப்போது கேட்டால் நேராகவே சொல்லிவிடுவேன். அவனோடு விளையாடுவதற்காக. வேறு எதற்கும் இல்லை. டைரிதானே, யார் படிக்கப் போகிறார்கள்.

செப்டம்பர் 29, திங்கள்

மத்தியானம் ஆபீசிலிருந்து நேராக ஃபெலிக்ஸ் கடைக்குப் போனேன். அவன் ஒரு பிரின்டரின் வயிற்றுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தான். எண்ணூறு ரூபாயை மேசையில் வைத்தேன்.

"இது எதுக்குண்ணே?"

"ரேமுக்கு."

"நான் காசு கேட்டனா?"

"கேக்கல."

"அப்பவே தெரிய வேணாமா? அவரும் வாங்கல, நானும் வாங்கல. 'போர்டு செத்துருச்சு, சரி பண்ண வேணாம். இத மட்டும் அவன் பெட்டில போட்டுவிடு. நான் குடுத்தேன்னு சொல்லாத, திருப்பிக் குடுத்துருவான், ரோஷக்காரன்'னாரு."

"யாருக்குன்னு சொன்னாரு?"

"உங்களுக்குத்தாண்ணே. வில்லங்கத்துக்கு."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். வில்லங்கம் யார் என்று அவருக்கு எப்போது தெரியும் என்று கேட்டேன். ஃபெலிக்ஸ் கையைப் பிரின்டரிலிருந்து எடுத்துத் துடைத்தான்.

"மொத நாளே தெரியும்ணே. 'வில்லங்கம்னு தனக்குத்தானே பேரு வச்சுக்கிறவன் இந்தத் திண்டுக்கல்லுல எந்தம்பியத் தவிர எவன் இருப்பான்'னு சிரிச்சாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. மூணு வருசமா நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும்."

மூன்று வருடம். நான் மறைத்ததாக நினைத்த மூன்று வருடமும் அவன் தெரிந்தே ப்ரோ என்றிருக்கிறான். சாட்சி, ஆதாரம் என்று நான் கண்டுபிடித்ததை எல்லாம் அவன் பெயரைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டான். எனக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. எண்ணூறு ரூபாயை எடுத்துக்கொண்டு வந்தேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

போகலாம். போய் என்ன சொல்வது?

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. அரிவாள்மனை, மிக்ஸி, ஸ்கூட்டர், நின்றுபோன வாஷிங் மெஷின் எல்லாவற்றுக்கும் சுகந்தி பொட்டு வைத்தாள். வாஷிங் மெஷினுக்கு மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டே வைத்தாள். என் பேனாவும் கூர்ச்சீட்டும் சாமி முன்னால் இருந்தன. கூர்ச்சீட்டை யார் வைத்தது என்று கேட்டேன். "அதுவும் நீங்க செஞ்ச வேலைதான" என்றாள்.

கம்ப்யூட்டருக்குப் பொட்டு வெளியில் மட்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். இன்று எதையும் இயக்கக் கூடாது. நாளை மறுபூஜை முடிந்துதான் எடுக்க வேண்டும்.

மதினி வருடா வருடம்போல மதில் மேல் பொரிப் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனது. வழக்கமாகச் சுகந்தி எடுப்பாள். இன்று நான் எடுத்தேன். அந்தப் பக்கம் அவன் முற்றத்தில் மோட்டார்களுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தான். ஆள்காட்டி விரலில் கட்டு. என்னைப் பார்த்தான். நான் பொட்டலத்தைப் பார்த்தேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பொரியைப் பற்றிக் கவலைப்பட்டுவிட்டு உள்ளே போய்விட்டோம்.

அக்டோபர் 2, வியாழன்

காலையில் மறுபூஜை முடிந்ததும் சுவிட்சைப் போட்டேன். புதுப் பதிப்பு மெதுவாக இறங்கியது. பதினொரு மணிக்கு 'தயார்' என்றது. பெட்டியின் பின்னால் இருந்த ஒயர்களை எல்லாம் உருவினேன். பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். கீபோர்டைக் கக்கத்தில் இடுக்கினேன்.

சுகந்தி முன்னால் போய்க் கேட்டைத் திறந்துவிட்டாள்.

எங்கள் கேட்டிலிருந்து அந்தக் கேட்டுக்கு ஒன்பது அடி. அளந்து எழுதியவன் நான்தான். ஏழு வருடத்தில் இன்றுதான் நடந்து பார்த்தேன். பெட்டி கனத்தது. மதினி கதவைத் திறந்து, "வாங்க கொழுந்தனாரே" என்று நேற்றுத்தான் வந்து போனவனைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டுவிட்டு உள்ளே போய்விட்டது.

அண்ணன் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலை நரைத்துவிட்டது. மதில் மேலிருந்து பார்க்கும்போது தெரியவில்லை.

"என்ன?" என்றார்.

"அப்டேட் வந்துருச்சு."

"ம்."

"இங்க மானிட்டர் இருக்கும்ல."

"இருக்கு. மவுஸும் இருக்கு." பேப்பரை மடித்து வைத்தார். "எவ்வளவு நேரம் தூக்கிக்கிட்டே நிப்ப? கீழ வை. பாத்து வைடா, உள்ள கார்டு இருக்கு."

வைத்தேன். மூன்று நாளாக ஒத்திகை பார்த்ததையெல்லாம் விட்டுவிட்டு, "கூர்ச்சீட்டுல ரேமையெல்லாம் எழுதியிருக்கக் கூடாதுண்ணே" என்றேன்.

"ரேம மட்டுமா?" என்றார்.

"இல்லண்ணே. எதையுமே."

கட்டுப் போட்ட விரலைத் தடவிக்கொண்டார். "எழுதுன்னு சொன்னவன் நான்தான. நான் சொல்லியிருக்கக் கூடாது" என்றார். பிறகு, திருப்புளி எங்கே என்று தேடப் போய்விட்டார்.

மூடியைக் கழற்றிப் பார்த்தோம். இரண்டு ரேமும் பக்கத்தில் பக்கத்தில், இரண்டு பொட்டும் ஒரே வரிசையில். இதில் எது உன்னுடையது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கூர்ச்சீட்டிலும் அதற்கு அடையாளம் எழுதவில்லை. என் தொழிலில் நான் விட்ட ஒரே ஓட்டை.

எங்கள் வீட்டு வைஃபை அவர் கூடத்தில் நாலு கோடும் காட்டியது. அதற்கு எந்தச் சுவரும் தெரியாதுபோல. பழைய திரையில் மூலையில், அந்தக் காலத்திலேயே விழுந்திருந்த அதே பச்சைக் கோடு. பழைய மவுஸ் அவர் கையில், கீபோர்டு என் மடியில். விரலில் கட்டு இருப்பதால் நடுவிரலால் சுடப் பழகிக்கொள்வதாகச் சொன்னார். என் பெயரில்தான் உள்ளே போனோம். கோட்டை வந்தது. அதற்கு முன்னால் திரையின் நடுவில் ஒரு பெட்டி வந்து நின்றது.

'உங்கள் கூட்டாளி மொட்டைமாடி இணைப்பில் இல்லை.'

அண்ணன் மவுஸை நகர்த்தி அதை மூடினார். "நடடா" என்றார்.

நேராகக் குழிக்குள் இறக்கினேன்.